மோனேயின் ‘சென் ஆற்றங்கரையில், பென்கூர்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே 1868ல் வரைந்த ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் பற்றிய பக்கம் இது. மர நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம். மோனே என்றாலே காலண்டரிலும் கைபேசி முகப்பிலும் அல்லிக்குளம்தான் வரும், இந்தப் படம் அவ்வளவாக வருவதில்லை. என்னைக் கேட்டால், அல்லிக்குளத்துக்குப் போகும் வழி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஓவியம் முறையாகப் படிக்காதவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படத்தில் என்ன இருக்கிறது?

இடப்பக்கம் மரம். அதன் அடியில் புல்தரையில் வெளிர்நிற உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். முகம் ஆற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறது. கீழே கரையோரம் ஒரு படகு நிற்கிறது. எதிர்க்கரையில் வெளுத்த சுவர்களோடு சில வீடுகள். மேலேயிருந்து இலைக்கொத்துகள் இறங்கி அந்தக் கரையைப் பாதி மறைக்கின்றன. நடுவில் ஆறு, ஆற்றில் வானமும் வீடுகளும். அவ்வளவுதான், படத்தில் வேறு சம்பவம் எதுவும் கிடையாது.

அளவு சுமார் 81 செ.மீ. உயரம், 101 செ.மீ. அகலம். ஒரு ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவு. இது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தப் பெண் யார்?

கமீல் டோன்சியூ. 1847ல் லியோனில் பிறந்தவர். மோனேவுக்கு மாடலாக வந்து, துணையாகி, 1870 ஜூனில் சட்டப்படி மனைவியானார். இந்தப் படம் வரையப்பட்டபோது அவருக்கு 21 வயது, மோனேவுக்கு 27. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் 1867 ஆகஸ்ட் 8 அன்று பிறந்த ழான் என்ற மகன் இருந்தான். படத்தின் காலத்தில் அவனுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

கமீலை மக்கள் முதலில் பார்த்தது 1866 சலோனில், அதாவது பாரிஸில் அரசு ஆதரவோடு நடந்த பெரிய ஓவியக் கண்காட்சியில். பச்சைப் பட்டுப் பாவாடையோடு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கும் ஆளுயரப் படம். அது மோனேவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இரண்டு வருஷம் கழித்து அதே பெண் இங்கே, பட்டு இல்லை, அலங்கார நிலை இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

பென்கூர் எங்கே இருக்கிறது? மோனே ஏன் அங்கே போனார்?

பாரிஸுக்கு வடமேற்கே சென் ஆற்றின் வலது கரையில் இருக்கிற சிற்றூர். எதிரே ஆற்றின் அந்தப் பக்கம் பொனியேர். பாரிஸ்–ரூவான் ரயில் 1843லிருந்தே அந்த வழியாக ஓடுகிறது. பாரிஸில் ஏறினால் சுமார் 70 கி.மீ., பொனியேரில் இறங்கி ஆற்றைக் கடந்தால் பென்கூர். ஊருக்குப் பக்கத்தில் குளோட்டோன் என்றொரு சிறு குடியிருப்பு, அங்கே ஒரு சத்திரம். ஆற்றின் நடுவே தீவுகள்.

இடத்தைச் சொன்னவர் எமில் ஸோலா. 1866ல் ஓவியர் பால் செசானோடும் நண்பர்களோடும் அங்கே போய்த் தங்கியிருந்தவர். அப்போது ஸோலா இளம் பத்திரிகையாளர். மோனேயை எழுத்தில் தூக்கிப் பிடித்த முதல் சிலரில் ஒருவர். சத்திரம் மலிவு என்பதுதான் மோனேவுக்குப் பெரிய ஈர்ப்பாக இருந்திருக்கும். 1868 வசந்தத்தில் கமீலையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஸோலா அந்த ஊரை மறக்கவில்லை. 1886ல் வந்த ‘லெவ்ர்’ என்ற நாவலில், தோற்றுப்போகும் ஓர் ஓவியனையும் அவன் துணையையும் பென்கூரிலேயே குடிவைத்தார். அதைப் படித்த மோனே, நம் எதிரிகள் இதை நமக்கு எதிராகப் பயன்படுத்துவார்களே என்று கவலைப்பட்டு ஸோலாவுக்கே கடிதம் எழுதினார்.

படத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெண்ணின் முகத்தை விடுங்கள். தண்ணீரைப் பாருங்கள்.

எதிர்க்கரையில் இருக்கும் வீட்டை நேராகப் பார்க்க முயன்றால் முழுதாகத் தெரியாது. இந்தக் கரை மரத்தின் இலைகள் குறுக்கே வந்துவிடுகின்றன. அதே வீடு ஆற்றில் தலைகீழாக, தாராளமாக விரிந்து கிடக்கிறது. அந்த ஊரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு தண்ணீர் சொல்லித்தான் தெரிகிறது. படத்தின் மேல் பாதி மறைத்ததைக் கீழ்ப் பாதி கொடுத்துவிடுகிறது.

ஓவியர் செய்த தந்திரம் என்று தோன்றும். இல்லை, ஒளி அப்படித்தான் போகும். வீட்டிலிருந்து நேராக நம் கண்ணுக்கு வர வேண்டிய ஒளி, எதிரில் தொங்கும் கிளையில் முட்டி நின்றுவிடுகிறது. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி அந்தக் கிளைக்கு அடியில் புகுந்து வந்துவிடுகிறது. எந்த ஆற்றங்கரை மரத்தடியில் உட்கார்ந்தும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பிம்பம் என்பது மேலே உள்ளதை அப்படியே மடித்து ஒட்டியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒருவர் அண்ணாந்து பார்த்தால் எது தெரியுமோ அதுதான் பிம்பத்தில் தெரியும். அதனால் மேலே தெரியும் காட்சியும் கீழே தெரியும் காட்சியும் ஒன்றாகவே இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மோனே அந்த வித்தியாசத்தைக் கவனித்து, அதன்மேலேயே படத்தைக் கட்டியிருக்கிறார்.

அடுத்த விஷயம் வண்ணத்தின் கனம். சலோன் ஓவியர்கள் பிம்பத்தை மெல்லிய பூச்சாக, கொஞ்சம் மங்கலாக வைப்பார்கள். இது நிஜம், அது அதன் சாயல் என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும் அல்லவா? இங்கே வீட்டுச் சுவரும் தண்ணீரில் கிடக்கும் சுவரும் ஒரே அளவு தடித்த வண்ணத்தில், ஒரே மாதிரித் தட்டையான பெரிய தீற்றல்களில் இருக்கின்றன. எது நிஜம் என்ற கேள்வியே அவருக்கு அன்று முக்கியமாகப் படவில்லை. கண்ணுக்கு இரண்டும் நிறந்தான், அவ்வளவே.

கமீல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் இப்போது கவனியுங்கள். அதே தண்ணீரை. நாம் செய்யும் வேலையைத்தான் அவரும் செய்துகொண்டிருக்கிறார்.

முகம் ஏன் சரியாக வரையப்படவில்லை? மோனேவுக்கு முகம் வராதா?

வரும். நன்றாகவே வரும். பதின்வயதில் லெ ஆவ்ர் ஊரில் கேலிச்சித்திரம் வரைந்து காசு வாங்கியவர் அவர். ஒரு மூக்கை வைத்தே ஆளை அடையாளம் காட்டத் தெரிந்தவர். இதே 1868ல் லெ ஆவ்ர் வணிகர் லூயி-ஜோக்கிம் கோதிபேர் தம் மனைவியின் உருவப்படத்துக்கு ஆர்டர் கொடுத்தபோது, சால்வையின் மடிப்பு மடிப்பாக வரைந்து கொடுத்திருக்கிறார். அந்தப் படம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (வேடிக்கை என்னவென்றால் அதிலும் முகம் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.)

பென்கூர் படத்தில் முகத்துக்குத் தனிச் சலுகை கிடையாது. மரத்தண்டுக்கு என்ன கவனமோ, படகுக்கு என்ன கவனமோ, அதே கவனம்தான் கன்னத்துக்கும். அந்தக் காலத்து ரசிகரை உறுத்தியது இதுதான். மனித உருவம் என்றால் அது படத்தின் ராஜா, மற்றதெல்லாம் பரிவாரம் என்பது பழகிய மரபு. இங்கே அப்படி இல்லை. கண்களும் உதடும் நுணுக்கமாக இருந்திருந்தால் நம் பார்வை அங்கேயே ஒட்டிக்கொள்ளும், ஆற்றுக்குப் போகாது.

பிடிக்காதவர்களுக்கும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். கமீலின் உடை புல்லில் இறங்கும் இடம் கொஞ்சம் அவசரமாக இருப்பதுபோல எனக்கும் தோன்றும்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைந்ததா, வீட்டில் வைத்து முடித்ததா?

வெளியில் வரைவது அன்று மோனேவுக்கு ஏறக்குறைய ஒரு பிடிவாதம். அதன் முன்கதை தெரிந்தால் இந்தப் படத்தின் அளவு புரியும்.

1865–66ல் ‘புல்வெளியில் மதிய உணவு’ என்று நான்கு மீட்டருக்கு மேல் உயரமும் ஆறு மீட்டர் அளவுக்கு அகலமும் கொண்ட ஒரு படத்தை ஆரம்பித்தார். வெளியில் சிறு மாதிரிகள் போட்டுக்கொண்டு உள்ளே வந்து பெரிதாக வரைவது திட்டம். முடிக்க முடியவில்லை. பிற்பாடு வாடகை பாக்கிக்கு ஈடாக வீட்டுக்காரரிடம் விட்டுவைத்து, அது ஈரத்தில் கெட்டுப்போய், வெட்டி எடுத்த துண்டுகள்தான் இன்று மிச்சம். அடுத்து ‘தோட்டத்தில் பெண்கள்’. இரண்டரை மீட்டர் உயரம். முழுக்க வெளியில்தான் வரைவேன் என்று தோட்டத்தில் பள்ளம் வெட்டி, கப்பி கட்டி, மேல் பகுதி வரையும்போது கித்தானைப் பள்ளத்துக்குள் இறக்கியிருக்கிறார். 1867 சலோன் அதையும் திருப்பி அனுப்பிவிட்டது. நண்பர் பிரடெரிக் பசீல் 2,500 பிராங்குக்கு அதை வாங்கிக்கொண்டார், மாதம் 50 பிராங்க் தவணையில். அதே படத்தை 1921ல் பிரெஞ்சு அரசு மோனேயிடமிருந்து 2,00,000 பிராங்க் கொடுத்து வாங்கியது தனிக்கதை.

அப்புறம்தான் பென்கூர். ஒரு மீட்டர் கித்தான். பள்ளமும் வேண்டாம், கப்பியும் வேண்டாம். படகில் ஏற்றி எடுத்துப் போய்விடலாம். கட்டியிருக்கும் படகைப் பார்த்தால் அப்படித்தான் வந்திறங்கினார்கள் என்றே தோன்றுகிறது.

இதற்கெல்லாம் கருவிகளும் கைகொடுத்தன. முன்பு அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள், ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டும், மிச்சம் காய்ந்துபோகும். 1841ல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மூடி போட்ட உலோகக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். நம் பற்பசைக் குழாயின் மூத்த அண்ணன் அது. தூரிகை முடியை உலோகப் பட்டையில் இறுக்கிப் பிடிக்க முடிந்ததும் தட்டைத் தூரிகைகள் வந்தன. இந்தப் படத்தில் தெரியும் பட்டை பட்டையான தீற்றல்கள் அதன் வேலை. ரசாயனத் தொழிற்சாலைகள் புதிய பச்சையையும் நீலத்தையும் கொடுத்தன. விரிடியன் பச்சைக்கு பாரிஸில் காப்புரிமை கிடைத்தது 1859ல்.

1868ல் இம்ப்ரெஷனிசம் என்று ஒன்று இருந்ததா?

பெயர் இல்லை. 1874 ஏப்ரலில் மோனே, ரெனுவார், பிசாரோ, தெகா, பெர்த் மொரிஸோ முதலானோர் புகைப்படக்காரர் நதார் விட்டுப்போன ஸ்டூடியோவில் சொந்தமாகக் கண்காட்சி வைத்தார்கள். அங்கே மோனே வைத்த படங்களில் ஒன்று ‘பதிவு, சூரிய உதயம்’. பதிவு என்பதற்குப் பிரெஞ்சில் ‘இம்ப்ரெஸியோன்’. லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேலி செய்து எழுத, அது கூட்டத்துக்கே பெயராகிவிட்டது.

பென்கூர் படம் அதற்கு ஆறு வருஷம் முந்தியது. ஆனாலும் பின்னால் இம்ப்ரெஷனிசம் என்று சொல்லப்பட்டவற்றில் நிறைய இதில் வந்துவிட்டது: திறந்தவெளி, சாதாரணப் பொழுது, நிறமுள்ள நிழல், மறைக்காத தூரிகைத் தடம். வராதது ஒன்று உண்டு. சின்னச் சின்னத் தீற்றல்களாகத் தண்ணீர் நடுங்குவது இதில் இல்லை. நிறங்கள் பெரிய பெரிய துண்டுகளாக அசையாமல் நிற்கின்றன. ஜப்பானிய மர அச்சுப் படங்களின் தட்டையான வண்ணத்தை இதில் காண்பவர்கள் உண்டு. மோனே அவற்றைச் சேகரித்தவர், அதனால் வியப்பில்லை. அடுத்த வருஷமே, 1869 கோடையில், ரெனுவாரோடு சேர்ந்து ‘லா கிரெனுயேர்’ என்ற படகுத்துறையை வரைகிறார். அங்கே தண்ணீர் உடைந்து அலையடிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆக, இது இம்ப்ரெஷனிசப் படமா என்று யாராவது வாதத்துக்கு இழுத்தால், ஆம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

மோனே அந்தச் சமயத்தில் ஆற்றில் குதித்தார் என்கிறார்களே, உண்மையா?

அவரே எழுதியது. 1868 ஜூன் 29 தேதியிட்ட கடிதம், பசீலுக்கு. சத்திரத்திலிருந்து துரத்திவிட்டார்கள், கட்டிய துணியும் இல்லாத நிலை, கமீலுக்கும் குழந்தைக்கும் சில நாளைக்கு ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டு லெ ஆவ்ருக்குப் போகிறேன் என்கிறார். குடும்பம் இனிமேல் உதவாது என்கிறார். கடைசியில், முந்தைய நாள் மனம் உடைந்து முட்டாள்தனமாகத் தண்ணீரில் குதித்துவிட்டதாகவும், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை என்றும் சேர்க்கிறார்.

குடும்பம் ஏன் உதவவில்லை என்றால், கமீல்தான் காரணம். அந்த உறவை மோனேயின் தந்தை ஏற்கவில்லை. 1867ல் ழான் பாரிஸில் பிறந்தபோது மோனே காசுக்காக சந்த் அத்ரேஸில் அத்தை வீட்டில் இருக்க வேண்டியிருந்தது.

கடிதத்தை எவ்வளவு நம்புவது? பணம் இல்லாததும் வெளியேற்றப்பட்டதும் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்ணீரில் குதித்த பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்பேன். மோனே பசீலுக்கு எழுதிய கடிதங்களில் பல, பணம் கேட்கும் கடிதங்கள். தவணைப் பணம் ஒரு நாள் தாமதமானாலும் குரல் உயரும். அவர் நன்றாக நீந்தவும் தெரிந்தவர். அதற்காக அந்த ஆளின் துயரத்தைப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. இருபத்தேழு வயசு, கையில் காசில்லை, பால் குடிக்கும் குழந்தை, பூட்டிய கதவு.

அப்படியென்றால் இது ஒரு சோகப் படமா?

இணையத்தில் இந்தக் கதையைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவர்கள் கமீலின் தோள் வளைவில் துயரத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் தேடிப் பார்த்ததில் அப்படி எதுவும் தெரியவில்லை. வெயில் நாள், நீல வானம், நிழல். துரத்திவிடுவதற்கு முந்திய ஏதோ ஒரு நல்ல பொழுது. வாழ்க்கைச் சம்பவத்தைத் தூக்கி வந்து படத்துக்குள் செருகினால், படம் காட்டுவதைப் பார்க்காமல் போய்விடுவோம். மோனேவும் துயரத்தைப் படத்தில் கொட்டுகிற ஆள் அல்ல. அதே வருஷம் டிசம்பரில், கோதிபேர் உதவியால் எத்ரெத்தா ஊரில் ஒரு சின்ன வீடு கிடைத்தபோது, அன்புக்குரியவர்கள் எல்லாம் கூட இருக்கிறார்கள், நிம்மதியாக இருக்கிறேன் என்று அதே பசீலுக்கு எழுதுகிறார். நொடிக்கு நொடி மாறுகிற மனநிலை. படம் அதற்கெல்லாம் பொறுப்பேற்காது.

இயற்கையின் நடுவே ஓய்வெடுக்கும் உருவத்தை அந்தத் தலைமுறை ஏன் இவ்வளவு வரைந்தது?

புல்லில் படுத்திருக்கும் உருவம் ஐரோப்பிய ஓவியத்துக்குப் புதிதல்ல. ஆனால் அது தேவதையாகவோ, புராணப் பாத்திரமாகவோ, குறைந்தபட்சம் இடையச் சிறுமியாகவோ இருக்க வேண்டும். பாரிஸ்காரி ஒருத்தி தன் சொந்த உடுப்போடு வந்து படுத்தால் சிக்கல். குஸ்தாவ் கூர்பே 1857 சலோனில் சென் ஆற்றங்கரையில் இரண்டு இளம்பெண்கள் அசந்து கிடப்பதைக் காட்டினார், ஊர் முகம் சுளித்தது. 1863ல் எதுவார் மானே கோட்டுப் போட்ட ஆண்களோடு உடையில்லாத ஒரு பெண்ணைப் புல்லில் உட்கார வைத்தார், ரகளையே ஆனது. இரண்டிலுமே அந்தப் பெண்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்வி பார்ப்பவரைக் குடைந்தது.

மோனேயின் படத்தில் அந்தக் குடைச்சல் போய்விட்டது. ரயில் வந்தபின் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்து ஆற்றங்கரைக்குப் போய் உட்காருவது சாதாரணப் பழக்கமாகிவிட்டது. ஓய்வுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இதை மோனே கண்டுபிடிக்கவில்லை, ரயில்வே கம்பெனிதான் கண்டுபிடித்தது. அவர் வரைந்தார்.

மானே வேறு, மோனே வேறா?

வேறு வேறு ஆட்கள். எதுவார் மானே 1832ல் பிறந்தவர், இம்ப்ரெஷனிசக் கண்காட்சிகளில் ஒன்றில்கூடப் பங்கெடுக்காதவர். க்ளோத் மோனே 1840ல் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே குழப்பம் இருந்தது: மோனேயின் படத்துக்காக மானேவைப் பாராட்டியவர்கள் உண்டு, மானேவுக்கு எரிச்சல்.

கமீலுக்குப் பிறகு என்ன ஆயிற்று?

1870 கல்யாணத்துக்குப் பிறகு போர் வந்தது, லண்டன் போனார்கள். திரும்பி வந்து அர்ஜான்தோயில் சில வருஷங்கள். மோனேயின் தோட்டப் படங்களில், குடை பிடித்த படங்களில், கசகசாப்பூ வயலில் இறங்கி வரும் படத்தில் எல்லாம் அவர்தான். 1878ல் இரண்டாவது மகன் மிஷெல் பிறந்தான். உடல்நிலை மோசமாகி, 1879 செப்டம்பர் 5 அன்று வெதேய் ஊரில் இறந்தார். வயது 32. மரணப் படுக்கையிலும் மோனே அவரை வரைந்தார். அந்த முகத்தில் நிறம் மாறுவதைத் தன் கண் தானாகவே அளந்துகொண்டிருந்ததைப் பிற்காலத்தில் நண்பர் க்ளெமான்ஸோவிடம் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறார்.

பசீலைப் பற்றியும் ஒரு வரி சொல்லாமல் போகக்கூடாது. தவணைப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த அந்த நண்பர் 1870 நவம்பர் 28 அன்று பிரஷ்யப் போரில் கொல்லப்பட்டார். வயது 28. அவரும் நல்ல ஓவியர்.

படம் இப்போது எங்கே இருக்கிறது? அங்கே எப்படிப் போனது?

அமெரிக்காவில், ஆர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிகாகோவில். பாட்டர் பால்மர் என்ற சிகாகோ வணிகர், ஹோட்டல் அதிபர். அவர் மனைவி பெர்த்தா ஹொனோரே பால்மர் 1890களின் தொடக்கத்தில் பாரிஸ் போய் மோனே படங்களை வரிசையாக வாங்கினார். பிரான்ஸிலேயே பலர் தயங்கிக்கொண்டிருந்த காலம். சாரா ஹாலோவெல் என்பவர் அவருக்கு ஆலோசகர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மகளிர் குழுவின் தலைவராக இருந்தவரும் இதே பெர்த்தாதான். பால்மர் குடும்பச் சேகரிப்பின் பகுதியாக 1922ல் இந்தப் படம் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மோனே ஓவியங்கள் மட்டும் அங்கே 30க்கும் மேல் உண்டு.

சிகாகோ போக வழியில்லை. நல்ல பிரதி கிடைக்குமா?

அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே பெரிய அளவில் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், இலவசம். மோனே 1926ல் இறந்தவர் என்பதால் ஓவியத்துக்கு இப்போது பதிப்புரிமையும் கிடையாது. அச்சுப்போட்டு மாட்டுவதானால் தளத்தில் உள்ள கோப்பையே எடுங்கள். வேறு இடங்களில் சுற்றும் பிரதிகளில் நீலத்தைக் கூட்டிவிடுகிறார்கள், வீட்டுச் சுவரின் மஞ்சள் போய்விடுகிறது. கைபேசியில் பார்த்தால் தீற்றல்கள் தெரியாது. கணினியில் திறந்து, தண்ணீரும் கரையும் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இதைப் பார்த்து வரைந்து பழகலாமா?

தாராளமாக. முகம் சின்னது, பயமுறுத்தாது. தண்ணீரில் இரண்டு விஷயம் கவனம். வெளிச்சமான பொருளின் பிம்பம் பொருளைவிடக் கொஞ்சம் இருண்டிருக்கும், இருண்ட பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளுத்திருக்கும். இது பொது விதி. மோனே எந்த இடத்தில் இதைக் கடைப்பிடிக்கிறார், எந்த இடத்தில் மீறுகிறார் என்று தேடுவதே நல்ல பயிற்சி. மற்றது, தூரிகையின் அளவு. சின்னத் தூரிகையை எடுத்தால் இலை இலையாக வரையத் தோன்றும், படம் செத்துவிடும். நாம் வசதியாக நினைப்பதைவிட ஒரு சுற்று பெரிய தட்டைத் தூரிகை எடுங்கள்.

இன்று பென்கூருக்குப் போனால் அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

ஊர் இருக்கிறது, ஆறு இருக்கிறது, தீவுகளும் இருக்கின்றன. பாரிஸ் சன் லசார் நிலையத்திலிருந்து பொனியேருக்கு இன்றும் ரயில் உண்டு, ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கிறது. மோனே 1883லிருந்து சாகும்வரை வாழ்ந்த ஜிவர்னி அதே வலது கரையில் சில கிலோமீட்டர் தள்ளித்தான். ஜிவர்னிக்கு வருஷந்தோறும் லட்சக்கணக்கில் வருகிறார்கள், பென்கூர் பக்கம் யாரும் திரும்புவதில்லை. அல்லிக்குளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி இங்கேயும் வரலாம். சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.